வரவேற்பறைச் சுவருக்கு எந்தக் கணப்பு? எரிவாயு, மின்சுடர், நீர்மூட்டம் குறித்து ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவின் வடக்கிலும் கிழக்கிலும், மார்க்கம் தொடங்கி ஏஜாக்ஸ் வரை, நம்மவர்கள் அண்மைக் காலத்தில் வாங்கியும் திருத்தியும் வரும் வீடுகளில் வரவேற்பறையின் ஒரு சுவர் ஏறத்தாழ ஒரே அச்சில் அமைந்துவிடுகிறது. மேலே பெரிய தொலைக்காட்சி, அதன் கீழே ஆறடி நீளத்துக்கு ஒடுக்கமான கண்ணாடி, அதற்குள் வரிசையாக எழும் தீ நாக்குகள், சுற்றிலும் வெண்பளிங்குக் கோலமிட்ட அகன்ற ஓடுகள். அந்தச் சுவரை அமைக்க விரும்பிக் காட்சியறைக்குள் நுழைபவரிடம் விற்பனையாளர் கேட்கும் முதற்கேள்வி எத்தனை அங்குலம் என்பதே. இந்தக் கணப்பிலிருந்து உங்களுக்கு வெப்பம் வேண்டுமா, அல்லது நெருப்பின் தோற்றம் மட்டும் போதுமா என்ற கேள்வி அநேகமாக எழுவதேயில்லை. ஆனால் எந்த எரிபொருள், எந்த அளவு, எந்தச் சுவர், எவ்வளவு செலவு என்ற அனைத்தும் அந்த ஒரு விடையில்தான் தங்கியிருக்கின்றன. எங்கள் வீட்டில் எரிவாயுக் கணப்பு ஒன்றும் பேஸ்மென்ட்டில் மின்கணப்பு ஒன்றும் உள்ளன. உறவினர் ஒருவரின் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) நீர்மூட்டக் கணப்பு இருக்கிறது. இம்மூன்றையும் குளிர்காலங்களில் பயன்படுத்தியும் பார்த்தும் வந்த பழக்கத்திலிருந்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

விலை குறைந்ததும் பரவலானதுமான மின்கணப்பிலிருந்து தொடங்கலாம். இதில் சுடர் என்பது எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளியைச் சுழலும் தகடுகளின் மூலம் ஒரு திரையில் விழச் செய்வதால் உண்டாகும் தோற்றம். வெப்பம் என்பது அதனோடு சேர்த்து வைக்கப்பட்ட ஒரு சிறிய மின்சூடாக்கியும் காற்றாடியும். சுடரும் சூடும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பதால், கோடையிலும் சூடின்றிச் சுடரை மட்டும் எரியவிடலாம். வழக்கமான 120 வோல்ட் இணைப்பில் இயங்கும் மாதிரிகள் பெரும்பாலும் 1,500 வாட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. அது மணிக்கு ஏறத்தாழ 5,100 பி.ரி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்துக்குச் சமம். இங்கேதான் வாங்குபவர் சற்று நிதானிக்க வேண்டும். சில நூறு டொலருக்கு விற்கும் கணப்பும் சில ஆயிரம் டொலருக்கு விற்கும் கணப்பும், இரண்டும் 1,500 வாட் என்றால், அறைக்குத் தரும் வெப்பம் ஒன்றேதான். மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறுவதில் மலிவுக்கும் விலையுயர்வுக்கும் வேறுபாடு கிடையாது. கூடுதலாகச் செலுத்தும் ஒவ்வொரு டொலரும் சுடரின் தோற்றத்துக்கும், சட்டகத்தின் நேர்த்திக்கும், காற்றாடியின் ஓசைக் குறைவுக்குமே செல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு செலவிடுவதில் தவறில்லை. அதிக விலை என்றால் அதிக வெப்பம் என்று எண்ணிச் செலவிடுவதே வீண்.

தோற்றத்தைப் பொறுத்தவரை, மலிவான மாதிரிகளின் சுடர் ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப வருவதைச் சில நிமிடங்களிலேயே கண் பிடித்துவிடும். அயர்லாந்தைத் தாயகமாகக் கொண்ட கிளென் டிம்பிளெக்ஸ் குழுமத்தின் ‘ரெவில்யூஷன்’ வரிசையில், சுடருக்குப் பின்னால் கறுப்புத் திரைக்குப் பதிலாகச் செங்கற்சுவர் போன்ற பின்புலம் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். தீ தட்டையாகத் தெரியாமல் ஓர் ஆழத்தோடு தெரிவதற்கு அதுவே காரணம். மின்சுடரில் நான் பார்த்தவற்றுள் இதையே முதலில் வைப்பேன். எதிர்ப்புறத்தில், ஊதா, பச்சை, நீலம் என்று நிறம் மாறும் சுடர்களை விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன. பிள்ளைகள் முதல் வாரம் அந்த நிறங்களை மாற்றி விளையாடுவார்கள். அதன் பிறகு யாரும் தொடுவதில்லை. தொலையியக்கியில் எத்தனை நிறங்கள் உள்ளன என்பதைவிட, செம்மஞ்சள் சுடரின் பிரகாசத்தை மிகத் தாழ்த்திவைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரவில் படம் பார்க்கும்போது கீழே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இருந்தால் அந்தக் கணப்பை அணைத்துவிடத்தான் தோன்றும்.

மின்கணப்பு 1,500 வாட் எடுக்கும்போது 12.5 அம்பியர் ஓடுகிறது. வழக்கமான 15 அம்பியர் சுற்றில் அதனோடு தூசு உறிஞ்சியையோ அரிசிக்குக்கரையோ இயக்கினால் பிறேக்கர் விழும். எனவே சுவரைத் திறந்திருக்கும்போதே இதற்கெனத் தனிச் சுற்று இழுத்துவிடுவது நல்லது. ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வேலையைப் பிறரிடம் கொடுத்தால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்து, மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். நேர அடிப்படையிலான மின்கட்டணத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்கால வார நாட்களில் மாலை 5 முதல் 7 மணி வரை உச்ச விலை. 7 மணிக்குப் பிறகு விலை இறங்கிவிடும். இரவுணவுக்குப் பின் குடும்பம் ஒன்றுகூடும் நேரத்தில்தான் கணப்பை அதிகம் பயன்படுத்துகிறோம் என்பதால் இந்த ஏற்பாடு நமக்குச் சாதகமாகவே அமைகிறது. பேஸ்மென்ட்டில் ஓர் அறையின் குளிரை முறிக்க இது தாராளமாகப் போதும். கூரை உயர்ந்த, சமையலறையோடு இணைந்த பெரிய கூடத்தை இதனால் சூடாக்க முடியாது.

நீர்மூட்டக் கணப்பு இதன் பணக்கார உறவு. டிம்பிளெக்ஸ் இதை ‘ஒப்டிமிஸ்ட்’ என்ற பெயரில் விற்கிறது. வேறு நிறுவனங்களும் இதே முறையில் செய்கின்றன. ஒரு சிறு தொட்டியில் உள்ள நீரை மீயொலி அதிர்வுத் தகடு நுண்துளிகளாக உடைத்து மேலே அனுப்ப, கீழிருந்து எழும் ஒளி அந்த மூட்டத்தைச் சுடராகவும் அதன் நுனியைப் புகையாகவும் காட்டுகிறது. மூட்டம் சூடானதன்று, கையை உள்ளே விட்டால் ஈரக்குளிர்ச்சி மட்டுமே தெரியும். திரையில் விழும் படமாக இல்லாமல் காற்றில் உண்மையாகவே எழுந்து அசைவதால், மூன்று பக்கமும் திறந்த அமைப்பில் வைத்தாலும் தோற்றம் கெடுவதில்லை. எரிவாயு இணைப்புக்கு வழியில்லாத கொண்டோவில் விருந்தினரை ஏமாற்றக்கூடிய நெருப்பு வேண்டுமென்றால் இதற்கு ஈடான பொருள் இல்லை என்பேன்.

ஆனால் இது பராமரிப்பைக் கேட்கும் பொருள். தொட்டி நிரப்ப வேண்டும், வடிகட்டிய குழாய்நீரையே பயன்படுத்த வேண்டும், தொட்டியையும் அதிர்வுத் தகட்டையும் ஒழுங்காகக் கழுவ வேண்டும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் நமது குழாய்நீர் ஓரளவு கடினநீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு இந்தத் தகட்டிலும் படியும், படிந்தால் மூட்டம் குன்றிச் சுடர் குட்டையாகும். உறவினர் வீட்டில் நான்கைந்து வாரம் கவனிக்காமல் விட்டால் இடப்பக்கச் சுடர் பாதியாகச் சுருங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத மாதங்களில் தொட்டியை வெறுமையாக்கிக் காயவைப்பதும் அவசியம். பெரிய மாதிரிகளை நேரடியாக நீர்க்குழாயோடு இணைக்கலாம் என்றாலும் சுத்தம் செய்யும் வேலை போவதில்லை. இவ்வகையில் பல மாதிரிகளில் சூடாக்கியே கிடையாது என்பதையும் வாங்குமுன் உறுதிசெய்யுங்கள். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கொடுக்கும்போது சூடும் வரும் என்று எண்ணிவிடுவது எளிது.

எரிவாயுக் கணப்பைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் செலவும் சிக்கலும் பயனும் அங்கேதான் மிகுதி. இன்றைய வீடுகளில் வைக்கப்படுவது பெரும்பாலும் டைரக்ட் வென்ட் எனப்படும் மூடிய வகை. முன்பக்கக் கண்ணாடி நிலையாக அடைக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரட்டைக் குழாய் சுவரின் வழியே வெளியே செல்லும். உட்குழாய் புகையை வெளியேற்ற, வெளிக்குழாய் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து கொண்டுவரும். அறைக்காற்றை அது தொடுவதில்லை என்பதால், காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்டப்படும் புதிய வீடுகளுக்கு இதுவே பொருத்தமானது. 1976இல் ஒன்ராறியோவின் பாரி நகரில் இரும்புப் பட்டறையாகத் தொடங்கிய நெப்போலியன் நிறுவனத்தின் கணப்புகளும், வட வான்கூவரில் மைல்ஸ் நிறுவனம் தயாரிக்கும் வேலர் கணப்புகளும் இங்குள்ள காட்சியறைகளில் எளிதாகப் பார்க்கக் கிடைக்கின்றன. நீளமான நவீனத் தோற்றத்துக்கும் மாதிரிகளின் எண்ணிக்கைக்கும் முன்னதைப் பார்க்கலாம். காற்றாடியின்றிக் கதிர்வீச்சாகவே வெப்பத்தைத் தருவதைப் பெருமையாகக் கொள்ளும் பின்னதை, ஓசையற்ற சூட்டை விரும்புபவர்கள் பார்க்கலாம்.

கணப்பின் அளவைத் தீர்மானிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நீளம் கூடக்கூட எரிகலத்தின் வெப்பத்திறனும் கூடுகிறது. ஐந்தாறு அடி நீள மாதிரிகளில் பலவும் மணிக்கு 40,000 பி.ரி.யு. அளவை எட்டுகின்றன. நன்கு காப்பிடப்பட்ட புதிய வீட்டில் 300 சதுர அடி வரவேற்பறைக்கு இது மிகையோ மிகை. அரைமணியில் அறை வெந்துபோக, வீட்டார் கணப்பை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறப்பார்கள். சுவருக்குக் கொடுத்த பெருந்தொகை பெரும்பாலான மாலைகளில் கறுப்புக் கண்ணாடியாக இருக்கும். எனவே உச்ச வெப்பத்தைவிட, சுடரை எந்த அளவுக்குத் தாழ்த்த முடியும் என்ற எண்ணைக் கேளுங்கள். அந்த இடைவெளி அகன்ற கணப்பே தினமும் பயன்படும். அதேபோல, விளம்பரத் தாளில் 80 விழுக்காட்டைத் தாண்டிய திறன் அச்சிடப்பட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அது தொடர்ந்து எரியும் நிலையில் அளந்த எண்ணாக இருக்கலாம். கனடாவின் எனர்கைட் கணப்புத்திறன் மதிப்பீடு, எரிந்து அணைந்து ஆறும் முழுப் பருவத்தையும் கணக்கில் கொள்வதால், பொதுவாக அதைவிடக் குறைவாகவே வரும். இரு மாதிரிகளை ஒப்பிட அந்த எண் ஒன்றே நேர்மையான அடிப்படை.

சுடரின் அழகு பற்றி என் கருத்து சந்தையின் போக்குக்கு எதிரானது. நீளமான ஒடுக்கக் கணப்பில், கண்ணாடிக் கற்களின் மேல், கீழிருந்து நீல விளக்கு அடிக்க, ஒரே உயரத்தில் வரிசையாக எரியும் குட்டைச் சுடர் விடுதி வரவேற்புக்கூடத்தைப் போலத்தான் இருக்கிறது. உயரம் கூடிய, சதுரத்துக்கு நெருங்கிய எரிகலத்தில், கரிந்த மரக்கட்டை வடிவங்களுக்கிடையே ஒழுங்கற்று எழும் சுடர் நெடுநேரம் பார்க்கத்தக்கது. அந்த எரிகலத்தைச் சட்டகமே தெரியாமல் ஓட்டுக்குள் புதைத்து, மேற்பலகையும் இன்றி விட்டால் நவீனத் தோற்றத்துக்குக் குறைவே வராது. காட்சியறையில் பார்க்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: எரிவாயுச் சுடர் பற்றியவுடன் நீலமாக இருந்து, கால்மணி நேரம் கழித்தே மஞ்சளாக மாறுகிறது. விற்பனையாளர் முன்கூட்டியே பற்றவைத்திருப்பார். அணைத்துவிட்டு மீண்டும் ஏற்றச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தினமும் நீங்கள் பார்க்கப்போகும் தொடக்கம் அதுதான்.

முன்பாதுகாப்புத் திரையோடு பார்ப்பது அதைவிட முக்கியம். எரியும் கணப்பின் கண்ணாடி 200 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடும். அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். வெளிச்சத்தைப் பிடிக்கத் தவழ்ந்து போகும் குழந்தையின் உள்ளங்கை நேராக அதில்தான் படும். இதனாலேயே 2015ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்படும், கண்ணாடி மிகையாகச் சூடேறும் கணப்புகளுக்குத் தடுப்புத் திரை கட்டாயமாக்கப்பட்டது. சில காட்சியறைகளில் சுடர் பளிச்சென்று தெரியட்டும் என்று அந்த வலைத்திரையைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். அதை மாட்டிய பின் சுடர் சற்று மங்கும்; மங்கிய அந்தத் தோற்றமே உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் அந்தத் திரையைக் கழற்றுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

தொலைக்காட்சியை எரிவாயுக் கணப்புக்கு மேலே வைக்க வேண்டும் என்பதில் நம் வீடுகளில் ஒருமித்த பிடிவாதம் உண்டு. வேறு சுவர் இருந்தால் வேறு சுவரில் வையுங்கள் என்பதே என் பரிந்துரை, ஏனெனில் கணப்பு கேட்கும் இடைவெளியை விட்டபின் திரை கழுத்தை அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய்விடுகிறது. அதே சுவர்தான் என்றால், வெப்பத்தைக் குழாய்களின் வழியே சுவரின் உச்சிக்கோ பக்கவாட்டுக்கோ திருப்பிவிடும் அமைப்பைச் சேர்த்து வாங்க வேண்டும்; வேலரின் ‘ஹீட்ஷிஃப்ட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நேரே மேலுள்ள சுவர் பெரிதும் ஆறிவிடுகிறது. சுற்றுச் சுவருக்கு ட்ரைவாலுக்குப் பதிலாகத் தீப்பற்றாத சிமெந்துப் பலகையை எவ்வளவு தூரத்துக்கு அடிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு மாதிரியின் கையேட்டிலும் அங்குலக் கணக்கில் இருக்கும். அதை வேலையாளின் அனுபவத்துக்கு விட்டுவிடக் கூடாது. மேற்பூச்சாகப் பெரிய போர்சலின் ஓடுகளும் கருங்கல்லும் சூட்டைத் தாங்கும். சமையலறையில் மிஞ்சிய குவார்ட்ஸ் பலகையை இங்கே ஒட்டிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் கலந்துள்ள பிசின் தொடர்ந்த சூட்டில் நிறம் மாறும், பலகையில் வெடிப்பு விழவும் கூடும். மேற்பலகை வைத்துவிட்டால் நம் வீட்டில் அது சும்மா இருக்காது, பட்டமளிப்புப் படமும் நடராசர் சிலையும் பிளாஸ்டிக் மாலையும் அங்கே குடியேறிவிடும் என்பதையும் இடைவெளிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நடராசருக்கு ஒன்றும் ஆகாது; மாலை தாங்காது.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் எரிவாயுக் கணப்பை நான் ஆதரிப்பதற்கு வலுவான காரணம் மின்தடை. 2013 டிசம்பரில், நத்தாருக்குச் சற்று முன் வந்த உறைபனி மழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. சில பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. வீடு முழுவதையும் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் இருக்கிறது, கவலையில்லை என்று எண்ணியிருந்தவர்களின் வீடுகளும் குளிர்ந்துபோயின, ஏனெனில் ஃபர்னஸின் காற்றாடிக்கும் கட்டுப்பாட்டுக்கும் மின்சாரம் வேண்டும். மின்கலத்தால் பற்றும் வசதியுள்ள எரிவாயுக் கணப்பு மட்டும் அந்நேரத்தில் ஓர் அறையையாவது வாழத்தக்கதாக வைத்திருக்கும். ஆகவே வாங்கும்போது, மின்சாரம் இல்லாதபோது இது பற்றுமா, எந்த மின்கலத்தில் பற்றும் என்று வெளிப்படையாகக் கேட்டு, இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எந்நேரமும் எரியும் பைலட் சுடர் கொண்ட பழைய அமைப்பு மின்சாரமின்றிப் பற்றும் என்றாலும் ஆண்டு முழுவதும் வாயுவைத் தின்னும். தேவைப்படும்போது மட்டும் பற்றும் புதிய அமைப்பே மேல், மின்கலம் உள்ளே இருக்கும் வரை.

விறகுக் கணப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நகர்ப்புறத்தில் புதிதாக ஒன்றை அமைப்பதற்குக் காப்புறுதி நிறுவனம் முதல் அயலவர் வரை அனைவரையும் சமாளிக்க வேண்டும். மொன்றியல் நகரம் 2018 ஒக்ரோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகுக் கணப்புகளின் பயன்பாட்டையே தடைசெய்துவிட்டது. எதனோல் கணப்புகள் பார்க்க அழகானவை, புகைபோக்கியும் வேண்டாதவை. ஆனால் சூடாக இருக்கும் எரிகலத்தில் திரவ எரிபொருளை மீள நிரப்பும் ஒரு கணக் கவனக்குறைவு பெருந்தீக்காயத்தில் முடியும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சுடர் மிஞ்சியிருந்தாலும் போதும். சேலையும் பாவாடையும் நடமாடும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவைக் கணக்கிடும்போது கணப்பின் விலையை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். எரிவாயுக் குழாய், புகைக்குழாய், மரச்சட்டகம், சிமெந்துப் பலகை, ஓடு, கூலி என்று சேரும் தொகை கணப்பின் விலையையே மிஞ்சுவது அரிதன்று. எரிவாயு இணைப்பை ஒன்ராறியோவில் தொழில்நுட்பத் தரநிலைகள் மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற்ற பணியாளரே செய்ய வேண்டும். உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். எங்கள் பகுதியில் ஓர் ஒப்பந்ததாரர் புகைக்குழாயின் வெளிமுனையைச் சன்னலுக்கு மிக அருகே வைத்துவிட்டுப் போக, சுவரைத் திரும்ப உடைக்க வேண்டிய நிலை அயல்வீட்டாருக்கு வந்தது. திறக்கக்கூடிய சன்னலிலிருந்து குறைந்தது 12 அங்குலம் என்பது இவ்வகைக் கணப்புகளுக்கான விதி. அந்த முனை தரைக்குச் சற்று மேலே அமைந்தால் பனி மூடிவிடும் ஆபத்தும் உண்டு. பெரும்பனி பெய்த காலையில் வாகனப் பாதையோடு சேர்த்து அதையும் துப்புரவாக்க வேண்டும். உறங்கும் அறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைட் எச்சரிப்பான் இருக்க வேண்டியது சட்டம்.

நிலமும் எரிவாயு இணைப்பும் உள்ள தனிவீட்டில், குடும்பம் உண்மையில் அமரும் அறைக்கு, சுடரை நன்கு தாழ்த்தக்கூடிய நடுத்தர அளவு எரிவாயுக் கணப்பு. பேஸ்மென்ட்டுக்கு அளவான விலையில் ஒரு மின்கணப்பு. கொண்டோவில் சுத்தம் செய்யப் பொறுமை இருந்தால் நீர்மூட்டம், இல்லையேல் ஆழமான பின்புலமுள்ள மின்சுடர் என்பதே என் தேர்வு. எரிவாயுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதன்முறை எரிக்கும்போது பூச்சு வெந்து நாறும் என்பதால் சன்னல்களைத் திறந்துவைத்துச் சில மணி நேரம் எரியவிட வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் படியும் வெண்படலத்தை, நன்றாக ஆறிய பிறகு, அமோனியா கலவாத திரவத்தால் மட்டுமே துடைக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக்கான ஆளைச் செப்ரெம்பரிலேயே அழைத்துவிடுங்கள். முதற்பனி விழுந்த வாரத்தில் ஊரே அவரைத் தேடிக்கொண்டிருக்கும்.